பெயருக்கு விட்ட இடம்

அந்தப் புத்தகத்தைத் தூக்க ஒரு சிறுவனுக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். பீடத்தின் மேல், சாய்வான பலகையில் விரித்தபடி இருக்கும். பூசை தொடங்கும்போது அது வலப்பக்கம். நிருபம் வாசித்து முடிந்ததும், பூசைக்கு உதவும் பையன் படியேறி, பலகையோடு சேர்த்து அதைத் தூக்குவான். படியிறங்கி, நடுவில் முழங்காலை மடக்கி வணங்கி, மறுபடி ஏறி இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பான். சுவிசேஷம் அங்கேதான் வாசிக்கப்படும். நீண்ட அங்கி காலில் தடுக்காமல், கண்ணுக்கு நேரே பாரம் மறைக்க, அந்தப் பத்தடி தூரத்தைக் கடப்பது பீடச்சிறுவனாகச் சேர்ந்தவன் பழகிக்கொள்ளும் முதல் காரியங்களில் ஒன்று.

அது உரோமைப் பூசைப் புத்தகம். இலத்தீனில் அச்சிட்டது. சொல்ல வேண்டியது கறுப்பு மையில், செய்ய வேண்டியது சிவப்பு மையில். எங்கே குனிய வேண்டும், எங்கே பீடத்தை முத்தமிட வேண்டும், எத்தனை முறை சிலுவை அடையாளம் வரைய வேண்டும், எதை உரக்கச் சொல்ல வேண்டும், எதைத் தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று எல்லாமே அதில் உண்டு. நடுப்பக்கங்களின் ஓரத்தில் சின்னச் சின்னத் தோல் நாக்குகள் ஒட்டியிருக்கும். எழுந்தேற்றத்துக்குப் பிறகு குருவானவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தே வைத்திருப்பார். நற்கருணையைத் தொட்ட அந்த விரல்களைக் கழுவும்வரை வேறு எதிலும் படவிடக் கூடாது. மற்ற விரல்களுக்கிடையே பிடித்துத் தாளைப் புரட்டத்தான் அந்த நாக்குகள். ஒரு மனிதனின் விரல்நுனி வரைக்கும் கட்டளை கொடுக்கிற புத்தகம் இது.

நாக்குகள் ஒட்டிய அந்தப் பக்கங்களில்தான் கானோன் எனப்படும் பெரிய செபம் இருக்கிறது. இடப்பக்கத்தில் பாடுபட்ட சுரூபத்தின் படம், வலப்பக்கத்தில் செபம். அதன் தொடக்கத்திலேயே பாப்பரசருக்காகவும் அந்த ஊர் ஆயருக்காகவும் வேண்டுதல் வரும். பெயர் எதுவும் அச்சிட்டிருக்காது. ‘என்’ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. ‘பெயர்’ என்பதற்கான இலத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. அன்றைக்கு உரோமையின் சிம்மாசனத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயரை அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் கீழ்ப்படிதலைப் பற்றி நடந்துவரும் கசப்பான வழக்கு இந்தப் புத்தகத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. இதை வைத்துக்கொண்டவர்களும், இதை விலக்கியவர்களும், இதற்காகத் தண்டனை வாங்கியவர்களும் உண்டு. அவர்களில் யாராலும் அந்த ஒற்றை எழுத்தைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. இதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க என் மனம் அங்கேயே போய் நிற்கிறது.

புத்தகம் பிறந்ததே ஓர் உத்தரவால். லூத்தரின் எழுச்சிக்குப் பிறகு திருச்சபை தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்ளக் கூட்டிய திரெந்து பொதுச்சங்கம் 1545இல் தொடங்கி, இடையிடையே நின்று, 1563இல் முடிந்தது. ஊருக்கு ஊர், மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் வேறுபட்டுக் கிடந்த பூசைப் புத்தகங்களை ஒழுங்குபடுத்தும் வேலையைச் சங்கம் பாப்பரசரிடம் விட்டது. ஐந்தாம் பயஸ், தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் ஐந்தாம் பத்திநாதர், 1570 ஜூலை 14 அன்று புதிய புத்தகத்தை வெளியிட்டார். இருநூறு ஆண்டுக்கு மேல் பழக்கத்தில் இருந்த முறைகளை மட்டும் விட்டுவைத்தார். மிலான் நகரத்து முறையும் தொமினிக்கன் சபையாரின் முறையும் அப்படித் தப்பியவை. மற்ற எல்லாருக்கும் இனி இதுதான். இதில் யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, இந்த ஆணை என்றைக்கும் செல்லும் என்று எழுதினார். அந்த ஆணையை ஒவ்வொரு பிரதியின் முகப்பிலும் அச்சிட வைத்தார்.

‘என்றைக்கும்’ என்ற அந்தச் சொல் நானூறு ஆண்டு கழித்து நீதிமன்றச் சாட்சி போலக் கூண்டில் ஏறப்போகிறது. ஒரு பாப்பரசர் என்றைக்கும் செல்லும் என்று சொன்னதை இன்னொரு பாப்பரசர் மாற்றலாமா? பழைய முறையைக் காக்க நின்றவர்கள் இந்த ஆணையைத்தான் முதலில் நீட்டினார்கள். ஆனால் அதே முகப்பில், அதற்கு அடுத்து, வேறு இரு பாப்பரசர்களின் கடிதங்களும் அச்சாகியிருக்கின்றன. எட்டாம் கிளெமென்ட் 1604இல், அதாவது முப்பத்து நான்கே ஆண்டில், புத்தகத்தைத் திருத்தினார். எட்டாம் உர்பான் 1634இல் மறுபடி திருத்தினார். 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பெரிய வாரச் சடங்குகளையே மாற்றியமைத்தார். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறிக்கும் இடத்தில் இருந்த இழிவான அடைமொழியை 1959இல் 23ஆம் யோவான் நீக்கினார். நீக்கியே ஆக வேண்டிய சொல் அது. கானோன் செபத்தைத்தான் மகா கிரகோரியார் காலத்திலிருந்து ஏறக்குறைய யாருமே தொடவில்லை. 1962 நவம்பரில் அதிலும் சூசையப்பர் பெயரைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஆண்டுப் பதிப்புதான் இன்று வழக்குக்குரிய பதிப்பு. ‘பழைய பூசை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது அதைத்தான். நானூறு ஆண்டு அசையாத கல் என்று அதைச் சொல்வது சரியில்லை. அவ்வப்போது உத்தரவு வாங்கி, உத்தரவுப்படி மாறி வந்த புத்தகம் அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் ஏட்டை 1963 டிசம்பர் 4 அன்று நிறைவேற்றியது. ஆதரவு 2147, எதிர்ப்பு 4. இலத்தீனைக் காக்க வேண்டும் என்று அது சொன்னது, மக்கள் மொழிக்கும் இடம் கொடுத்தது. பின்னாளில் இந்தச் சங்கத்தோடு மோதிய பேராயர் மர்செல் லெஃபெவ்ரும் அந்த ஏட்டில் கையெழுத்திட்டவர்தான். 1965 மார்ச் 7 அன்று ஆறாம் பவுல் உரோமை நகரின் ஒரு பங்குக் கோயிலுக்குப் போய் இத்தாலிய மொழியில் பூசை வைத்தார். 1969 ஏப்ரலில் புதிய பூசைமுறைக்கு ஒப்புதல் கொடுத்தார். அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, நவம்பர் 30, அது நடைமுறைக்கு வந்தது.

பழைய புத்தகம் பீடத்தை விட்டு இறங்கியது. சாக்ரிஸ்தியின் அலமாரிகளுக்கும் மேல்மாடப் பரண்களுக்கும் பழம்பொருள் கடைகளுக்கும் போனது. வயதான, நோயாளியான குருக்கள் மட்டும் அதை வைத்துப் பூசை வைக்கலாம் என்று 1971இல் சலுகை கொடுத்தார்கள், மக்கள் யாரும் இல்லாமல், தனியே. ஐம்பது ஆண்டு ஒரு புத்தகத்தோடு வாழ்ந்த கிழவர் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறக்க வேண்டிய காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். கருணையோடு கொடுத்த சலுகைதான். ஆனாலும், நேற்றுவரை கோயிலின் நடுவில் நின்று செய்ததை இன்று ஒளித்துச் செய்யச் சொன்னால் அந்த மனிதர் என்ன புரிந்துகொள்வார்? நேற்று செய்தது தப்பா?

நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ‘பூசை’ என்றே சொல்கிறார்கள், இளையவர்கள் ‘திருப்பலி’ என்கிறார்கள். ‘மேற்றிராணியார்’ ‘ஆயர்’ ஆனார், ‘நன்மை வாங்குவது’ ‘நற்கருணை வாங்குவது’ ஆனது. செபம் மாறும்போது உள்ளே ஏதோ இடம் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒருவர் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. சொந்த மொழியில் செபம் வந்ததை வரமாக வாங்கிக்கொண்ட கோடிக்கணக்கானோரில் நம்மவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சி உண்மை. சிலருக்கு அதே நாளில் வீடு பறிபோனது போலிருந்ததும் உண்மை.

முதலில் எதிர்ப்பு மரியாதையான கடிதங்களாகத்தான் வந்தது. 1969 செப்டம்பரில் கர்தினால்கள் ஒத்தாவியானியும் பாச்சியும் புதிய பூசைமுறையைக் கண்டித்த ஓர் ஆய்வைப் பாப்பரசரிடம் அனுப்பினார்கள். 1971 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் கையெழுத்திட்ட வேண்டுகோள் வந்தது. அவர்களில் பலர் கத்தோலிக்கரே அல்லர். அகதா கிறிஸ்டி ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர், வயலின் மேதை யெகுதி மெனுகின் யூதர். ஒரு பெரிய கோயிலை இடிக்கப் போனால் படித்தவர்கள் தடுக்க வருவதுபோல இதையும் தடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அந்த நவம்பரில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் ஒரு விலக்கு கிடைத்தது. பெயர்ப் பட்டியலில் அகதா கிறிஸ்டியைக் கண்டதும்தான் ஆறாம் பவுல் கையெழுத்திட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்த அனுமதிக்கு இன்றுவரை ஒட்டியிருப்பது துப்பறியும் கதை எழுதிய அந்த அம்மையாரின் பெயர்தான்.

ஆனால் புத்தகத்தின் விதியை எழுதியது இங்கிலாந்து அல்ல, சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் உள்ள எக்கோன் என்ற சின்ன இடம்.

லெஃபெவ்ர் 1905இல் பிரான்சின் வடக்கே தூர்க்குவானில் பிறந்தவர். துணி ஆலை நடத்திய அவருடைய தந்தை ஜெர்மானியருக்கு எதிரான மறைமுகப் போரில் ஈடுபட்டுப் பிடிபட்டு 1944இல் நாசி முகாமில் இறந்தார். மகன் குருவாகி, பரிசுத்த ஆவி சபையில் சேர்ந்து, காபோன் நாட்டில் வேலை செய்து, தக்கார் நகரின் பேராயரானார், பிறகு தன் சபைக்கே உலகத் தலைவரானார். கட்டளை கொடுத்தும் வாங்கியும் பழகிய மனிதர். 1970 நவம்பர் 1 அன்று, ஃபிரிபூர் ஆயர் ஷரியேரின் முறையான ஒப்புதலோடு பத்தாம் பத்திநாதர் சபையைத் தொடங்கினார். எக்கோனில் அதன் குருமடம் நடந்தது. பீடத்தில் இருந்தது பழைய புத்தகம். 1974இல் உரோமையிலிருந்து விசாரணைக்கு இருவர் வந்தார்கள். சில நாட்களுக்குள், நித்திய உரோமையைப் பின்பற்றுகிறோம், புதுமை உரோமையை மறுக்கிறோம் என்ற பொருளில் அவர் ஓர் அறிக்கை எழுதினார். 1975 மே மாதம் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. மடத்தை மூடச் சொன்னார்கள். அவர் மூடவில்லை.

இனி வருவது இந்த வரலாற்றிலேயே நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஒரு தருணம். 1976 ஜூன் 29 அன்று பதின்மூன்று பேருக்குக் குருப்பட்டம் கொடுக்க நாள் குறித்திருந்தார். கொடுக்கக் கூடாது என்று உரோமை தடுத்திருந்தது. அதற்கு முன் உரோமையிலிருந்து ஒருவர் வந்து தன் கையில் புதிய பூசைப் புத்தகத்தை வைத்தார் என்று, அன்றைய பிரசங்கத்தில் லெஃபெவ்ரே சொன்னார். அன்றைக்கு இத்தனை பேர் முன்னால் இந்தப் புத்தகத்தை வைத்துப் பூசை வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றாராம் வந்தவர்.

வந்தவர் கேட்டது உண்மையில் என்ன? ஒரே ஒரு பூசை. கையில் ஒரு புத்தகம், பீடத்தில் இன்னொன்று. புதியதை எடுத்தால் மடம் பிழைக்கும், சபை பிழைக்கும். அவர் அதை ஏற்கவில்லை. ஜூன் 29 அன்று பழைய புத்தகத்தை விரித்துப் பட்டம் கொடுத்தார். ஜூலை 22 அன்று குருத்துவப் பணிகள் எதையும் செய்யக் கூடாது என்று அவருக்குத் தடை விதித்தார்கள். ஆகஸ்டில் லில் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் அவர் பூசை வைத்தார். செப்டம்பரில் காஸ்தெல் கந்தோல்ஃபோவில் பாப்பரசரை நேரில் பார்த்தார். எதுவும் நகரவில்லை.

அந்தத் தருணத்தில் இருவர் பக்கமும் நியாயம் கேட்டுப் பார்த்தால், இருவரும் ஒரே காரியத்தைத்தான் சொல்கிறார்கள். புத்தகம் அடையாளம்தான், கேள்வி கீழ்ப்படிதல் என்றது உரோமை. அடையாளம் என்றால் அதை மட்டும் ஏன் பறிக்கிறீர்கள் என்றார்கள் எக்கோன்காரர்கள். கீழ்ப்படிதலைச் சோதிக்க ஒருவரின் செபத்தையே துலாக்கோலாக வைப்பது கொடுமையான சோதனை என்றுதான் எனக்குப் படுகிறது. அதே சமயம், ஒரு பேராயர் தன் பாப்பரசரின் தடையை மீறிக் குருப்பட்டம் கொடுப்பது சின்னக் காரியமும் அல்ல.

மறு ஆண்டு பிப்ரவரி 27, ஞாயிறு. பாரிஸில் சேன் நிக்கொலா து ஷர்தொனே கோயிலுக்குள் பழைய பூசைக்காரர்கள் கூட்டமாக நுழைந்து அதைக் கைப்பற்றினார்கள். வெளியேறச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. யாரும் அதை நிறைவேற்றவில்லை. இன்றும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கீழ்ப்படியாதவர்கள் என்று பெயர் வாங்கிய அந்தச் சபைக்குள்ளேயே 1983இல் கீழ்ப்படிதல் தகராறு வந்தது. அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் 1962ஆம் ஆண்டுப் பதிப்பை ஏற்க மறுத்தார்கள். அதிலேயே மாற்றம் புகுந்துவிட்டது, 1955க்கு முந்திய புத்தகமே வேண்டும் என்றார்கள். லெஃபெவ்ர் கீழ்ப்படியச் சொன்னார், அவர்கள் மாட்டோம் என்றார்கள், வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் கடினமானது. உரோமைச் சிம்மாசனமே காலியாக இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பவர் பாப்பரசர் அல்ல என்ற முடிவு அது. அப்படி முடிவெடுத்தவர் கானோன் செபத்தில் அந்த ஒற்றை எழுத்து வரும் இடத்தில் எந்தப் பெயரும் சொல்ல மாட்டார்.

கானோன் மெல்லிய குரலில் சொல்லப்படுவது. கோயிலில் இருப்பவருக்கு அது கேட்காது. மணி அடிக்கும், மக்கள் முழங்காலில் இருப்பார்கள், குருவானவரின் முதுகு மட்டும் தெரியும். பெயர் சொன்னாரா, விட்டாரா என்பது கடவுளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. அதனால்தான் அந்த வட்டங்களில், பாப்பரசர் பெயரைச் சொல்லும் பூசைக்குப் போகலாமா கூடாதா என்று குடும்பங்கள் பிரியும் அளவுக்கு வாதம் நடக்கிறது. லெஃபெவ்ர் இதில் உறுதியாக இருந்தார். தன்னைத் தண்டித்த பாப்பரசரின் பெயரையே தன் குருக்கள் சொல்ல வேண்டும் என்றார். தங்களை உள்ளே விடாத ஆயரின் பெயரையும் அவர்கள் தினமும் சொன்னார்கள்.

1984இல் இரண்டாம் யோவான் பவுல் கதவைக் கொஞ்சம் திறந்தார். ஆயர்கள் விரும்பினால் பழைய புத்தகத்துக்கு அனுமதி கொடுக்கலாம், ஆனால் கேட்பவர்கள் புதிய புத்தகத்தின் நியாயத்தை மறுக்காதவர்களாக இருக்க வேண்டும், பங்குக் கோயில்களில் பொதுவாகக் கூடாது. பல ஆயர்கள் விரும்பவில்லை.

லெஃபெவ்ருக்கு வயதாகிக்கொண்டே போனது. ஆயர் இல்லாமல் குருப்பட்டம் இல்லை, குருக்கள் இல்லாமல் அந்தப் புத்தகத்தைத் திறக்க ஆளில்லை. 1988 மே 5 அன்று கர்தினால் ராட்சிங்கரோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சபைக்கு அங்கீகாரம் உண்டு, அவர்களிலிருந்து ஓர் ஆயரும் உண்டு. மறுநாளே மனம் மாறி வேறொரு கடிதம் எழுதினார். ஜூன் 30க்குள் ஆயர் வேண்டும் என்றார். அவர்கள் இழுத்தடிப்பார்கள், தான் செத்தபின் எல்லாம் கரைந்துபோகும் என்று அஞ்சினார். கடைசி நேரத்தில் ராட்சிங்கர் தந்தி அடித்து உடனே உரோமைக்கு வரும்படி கேட்டார். அவர் போகவில்லை.

ஜூன் 30, எக்கோன் புல்வெளி. ஆயராக்கும் சடங்கின் தொடக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. பாப்பரசரின் ஆணைக் கடிதம் இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வர வேண்டும். வாசியுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் சடங்கு மேலே நகராது. அன்று கேள்வியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் விடவில்லை. சிவப்பு எழுத்து சொன்னபடி கேட்டார்கள். இருக்கிறது என்று பதில் வந்தது. வாசித்த காகிதம் உரோமையிலிருந்து வந்ததல்ல. அப்போஸ்தலர்களிடமிருந்து பெற்ற பாரம்பரியத்துக்கு என்றும் பிரமாணிக்கமாயிருக்கும் உரோமைத் திருச்சபையே தங்களுக்கு இந்த ஆணையைத் தருகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். எண்பத்திரண்டு வயதுப் பேராயரும், பிரேசிலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆயர் கஸ்த்ரோ மேயரும் நான்கு பேர் தலைமேல் கைவைத்தார்கள்.

இவ்வளவு தூரம் அவர் வலியைப் புரிந்துகொள்ள முடிகிற எனக்கு, இந்த இடத்தில் அவரோடு நடக்க முடியவில்லை. ஆணை தருகிறவரின் பெயரைச் செபத்தில் சொல்லிவிட்டு, அவர் தராத ஆணையை அவர் திருச்சபையின் பெயராலேயே தானே எழுதிக்கொள்வது எப்படிச் சரியாகும்? நித்திய உரோமை எது, இன்றைய உரோமை எது என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் எக்கோனுக்கு யார் கொடுத்தது? ஆத்தும ஆபத்துள்ள அவசர நிலை என்றார் அவர். அவசரம் இருக்கிறதா என்று தீர்மானித்ததும் அவரே. ஜூலை 1 அன்று ஆறு பேரும் திருச்சபைக்குப் புறம்பானார்கள் என்று உரோமை அறிவித்தது. மறுநாள் பாப்பரசரின் ஆணைமடல் வந்தது. பழைய வழிபாட்டில் பற்றுள்ளவர்களுக்கு ஆயர்கள் தாராளமாக இடம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

அப்போதுதான் புத்தகம் இரண்டாகப் பிரிந்து நடக்கத் தொடங்கியது. அந்தச் சபையிலிருந்து பன்னிரண்டு குருக்கள், தகப்பனைப் போல நேசித்த லெஃபெவ்ரை விட்டுப் பிரிந்து, ஜூலை 18 அன்று சுவிட்சர்லாந்தின் ஓத்ரீவ் மடத்தில் கூடிப் புனித பேதுரு சபையைத் தொடங்கினார்கள். அதே புத்தகம், அதே விரல்கள், அதே பெயர். இவர்களுக்கு அனுமதி உண்டு, அவர்களுக்கு இல்லை. முந்தின மாதம்வரை ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். விட்டுப்போனவர்களைத் துரோகி என்றும் இருந்தவர்களைப் பிரிவினைக்காரர் என்றும் சொன்ன சொற்கள் இன்னும் ஆறவில்லை. லெஃபெவ்ர் 1991 மார்ச் 25 அன்று இறந்தார். புறம்பாக்கப்பட்ட நிலையிலேயே இறந்தார்.

தந்தி அடித்த ராட்சிங்கர் 2005இல் பதினாறாம் பெனடிக்ட் ஆனார். 2007 ஜூலை 7 அன்று அவர் வெளியிட்ட மடலில், பழைய பூசைப் புத்தகம் ஒருபோதும் சட்டப்படி நீக்கப்பட்டதில்லை என்றார். எந்தக் குருவும் ஆயரிடம் அனுமதி கேட்காமல் அதைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். பழைய பூசையை நேசித்த எத்தனையோ பேர் அன்று கண்ணீர் விட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரியைப் படிக்கும்போது வேறொன்று நெஞ்சை அடைக்கிறது. நீக்கப்பட்டதே இல்லை என்றால், முப்பத்தேழு ஆண்டுகளாகத் தடை, தடை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்? கதவைச் சாத்திப் பூசை வைத்த கிழக் குருக்கள்? பெற்றோரின் அடக்கப் பூசைக்கு இதைக் கேட்டு, கீழ்ப்படியாதவர் என்ற பெயரோடு வீடு திரும்பியவர்கள்? அவர்களில் பலர் 2007ஐப் பார்க்கவில்லை. கீழ்ப்படியச் சொல்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. எது சட்டம், எது தன் விருப்பம் என்று பிரித்துச் சொல்லும் கடமை அது. பல இடங்களில் அதைச் செய்யவில்லை.

2009 ஜனவரியில் பெனடிக்ட் அந்த நான்கு ஆயர்கள் மேலிருந்த புறம்பாக்கத்தை நீக்கினார். அதே நாட்களில் அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் வில்லியம்சன், யூதர்கள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டதை மறுத்துப் பேசிய பேட்டி சுவீடன் தொலைக்காட்சியில் வந்தது. தந்தையை நாசி முகாமில் பறிகொடுத்த ஒருவர் கைவைத்து ஆயராக்கிய மனிதர் இப்படிப் பேசினார். இதை மறைத்துவிட்டு இந்தப் புத்தகத்தின் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. யூதருக்கான அந்த மன்றாட்டு இந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. 2008இல் பெனடிக்ட் அதை மறுபடி திருத்தி எழுத வேண்டி வந்தது. பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்கிறவர் பழமையோடு ஒட்டிவந்த நஞ்சையும் பார்க்க வேண்டும். வில்லியம்சன் 2012இல் அந்தச் சபையிலிருந்தும் வெளியேற்றப்பட்டார், காரணம் தலைமைக்குக் கீழ்ப்படியாமை. 2015இல் அனுமதியின்றித் தானும் ஓர் ஆயரை ஏற்படுத்தி, மறுபடி புறம்பானார்.

பாப்பரசர் பிரான்சிஸ் இரண்டு விதமாக நடந்துகொண்டார். பத்தாம் பத்திநாதர் சபைக் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று 2015இல் அறிவித்துப் பிறகு அதை நிலையாக்கினார். ஆனால் 2021 ஜூலை 16 அன்று பெனடிக்ட் திறந்த கதவைச் சாத்தினார். பழைய புத்தகம் திருச்சபையைப் பிளக்கப் பயன்படுகிறது, சங்கத்தையே மறுப்பவர்களின் கொடியாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. இனி ஆயரின் அனுமதி வேண்டும், பங்குக் கோயில்களில் கூடாது, புதிதாகப் பட்டம் பெறும் குருவுக்கு உரோமையையும் கேட்க வேண்டும். உத்தரவு வெளிவந்த நாளிலேயே நடைமுறைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் புனித பேதுரு சபைக்கு மட்டும் தனியாக ஒரு காகிதம் கிடைத்தது.

1988இல் கீழ்ப்படிதலுக்காகத் தங்கள் தகப்பனை விட்டு வந்தவர்களும், 2007ஐ நம்பிப் பங்குக் கோயிலில் கூடிய குடும்பங்களும் இந்த முறை ஒன்றும் தப்புச் செய்யவில்லை. ஒரு பாப்பரசர் கொடுத்ததை வாங்கினார்கள், அடுத்தவர் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். சில ஊர்களில் பள்ளிக்கூடக் கூடங்களிலும் வேறு அறைகளிலும் பீடம் போட்டார்கள். பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வலமிருந்து இடம் போகும் பத்தடி தூரம் அங்கேயும் அதே பத்தடிதான். முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படிந்தவர்கள், அழுதுகொண்டே கீழ்ப்படிந்தவர்கள், இதற்கு மேல் முடியாது என்று எக்கோன் பக்கம் போனவர்கள் என மூன்று வகையினரும் அங்கே இருந்தார்கள். நடுவகையினரைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை. எனக்கு அவர்கள் மேல்தான் மரியாதை அதிகம்.

2025 ஏப்ரல் 21, பாஸ்கு திங்கள், பிரான்சிஸ் இறந்தார். சிம்மாசனம் காலியாக இருக்கும்போது கானோன் செபத்தில் பாப்பரசருக்கான சொற்களை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அதனால் பதினேழு நாட்கள், அனுமதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் அந்த இடத்தைச் சொல்லாமல் கடந்தார்கள். எக்கோனிலும், ஓத்ரீவிலிருந்து கிளைத்த சபையின் கோயில்களிலும், பத்தாம் பத்திநாதர் சபையார் வீடு நடத்தும் நம் பாளையங்கோட்டையிலும் குருவானவரின் கண் அந்த எழுத்துக்கு வந்ததும் அடுத்து ஆயர் பெயருக்குத் தாவியிருக்கும்.

மே 8 மாலை பதினான்காம் லியோ தெரிந்தெடுக்கப்பட்டார். மறுநாள் காலை அவர்கள் புத்தகத்தைத் திறந்து, தோல் நாக்கைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டி, யாருக்கும் கேட்காத குரலில், புள்ளி வைத்த அந்த எழுத்தின் மேல் ‘லெயோனே’ என்று சொன்னார்கள்.